கண்ட்ரோல் கே

தமிழில் 'குறுக்குவழி' என்ற சொல்லுக்கு நல்ல பேர் கிடையாது. வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு அது வெறும் ஒற்றையடிப் பாதை. ஊருக்குள் வந்தால் அர்த்தம் மாறிவிடும். அதிலும் ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வந்தால் கேட்கவே வேண்டாம். அவள் பதவி உயர்வு வாங்கியிருப்பாள், அல்லது அவள் கவிதைத் தொகுப்புக்கு ஒரு பரிசு கிடைத்திருக்கும். டீக்கடையிலோ துறை அறையிலோ ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் குறுக்குவழிதான்" என்பார். கணினித் தமிழில் கீபோர்டு ஷார்ட்கட்டைக் குறுக்குவழி என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் காதில் விழும். குறுக்குவிசை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஷார்ட்கட் என்றே எழுதுகிறேன். தமிழ்த்துறைக்காரி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

எனக்கு இந்த ஷார்ட்கட்கள் தேவைப்பட்டது ஒப்பாரியால். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில், மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. அதைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் என் அப்பாவழிச் சொந்தங்கள் இருக்கிறார்கள். அங்கே உள்ள பெண்களிடம் சில வருடங்களாக ஒப்பாரியைப் பதிவு செய்துவருகிறேன். பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஃபோன், சட்டையில் மாட்டும் சின்ன மைக், அதைக் குத்திவைக்க முந்தானை. பதிவு செய்வது சுலபம். அதைக் கேட்கும்படி ஆக்குவதில்தான் வேலை இருக்கிறது. 40 நிமிடப் பதிவு என்றால் அதில் பாட்டு 25 நிமிடம்தான் இருக்கும். மீதியெல்லாம் இருமல், வெற்றிலை இடிக்கும் சத்தம், "அந்தக் கோழிய வெரட்டு" என்ற அதட்டல், ரயில். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பது ஒரு கேள்வி. அதை எந்தக் கையால், எந்த விசையால் எடுப்பது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வி வெறும் தொழில்நுட்பம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஒலித்தொகுப்பு எனக்கு அறிமுகமானது கொரோனாக் காலத்தில். இணையவழி வகுப்புகளுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யச் சொன்னார்கள். ஒரு கல்லூரியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடோபி ஆடிஷனும் அதை இயக்கும் தம்பியும். இந்தப் பக்கம் நான். நான் தடுமாறிய இடங்களை அவர் வெட்டுவார். தடுமாறாத இடங்களையும் சில சமயம் வெட்டுவார். "இது கொஞ்சம் இழுக்குது மேடம்" என்பார். நான் இழுத்தது வேண்டுமென்றே. ஓர் அகப்பாடலைச் சொல்லி முடித்ததும் சற்று நிறுத்தினால்தான் மாணவிகளுக்கு அது உள்ளே இறங்கும். அதை விளக்கிச் சொல்லும் நேரத்துக்கு நாமே கற்றுக்கொண்டுவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் கை மவுஸுக்குப் போகவே இல்லை. ஒலித்தடத்தை இரண்டாகப் பிளக்க கண்ட்ரோல் கே. குறி வைக்க எம். ஓட்ட, நிறுத்த ஸ்பேஸ் பார். ஆனால் நான் உட்கார்ந்ததும் சொன்னது: "நீங்க மவுஸையே பிடிங்க மேடம், கீபோர்டெல்லாம் குழப்பும்."

இந்த இடத்தில் தெலங்கானாவின் பஸ்தாபூர்ப் பக்கத்துப் பெண்களைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்கே சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலி 2008 அக்டோபர் 15-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. நடத்தியவர்கள் தலித் பெண்கள். நிலையத்தைக் கையில் எடுத்த இருவருக்குமே பெயர் நரசம்மா. ஒருவரை 'ஜெனரல்' நரசம்மா என்றும் இன்னொருவரை அல்கோல் நரசம்மா என்றும் பிரித்துச் சொல்வார்கள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அவர்களே இருந்தார்கள். கீபோர்டு குழப்பும் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று அடிக்கடி கற்பனை செய்துகொள்வேன்.

ஆடிஷனுக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். அதனால் வீட்டில் ஆடாசிட்டியைப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-ல் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்கும் தொடங்கி, 2000-ல் வெளியிட்ட நிரல் அது. இலவசம். என் நேரம் இரவு ஒன்பதரைக்கு மேல்தான், பாத்திரம் கவிழ்த்த பிறகு. ஒரு பதிவில் 300 இடத்தில் கைவைக்க வேண்டும் என்று வையுங்கள். மெனுவைத் தேடி மவுஸில் சொடுக்க ஒவ்வொன்றுக்கும் நான்கு வினாடி, விசையில் ஒரு வினாடி. மிச்சமாவது 15 நிமிடம். இதைக் கேட்டு ஒரு நண்பர் சிரித்தார். அவருக்கு இரவில் யாரோ காபி போட்டுத் தருகிறார்கள்.

இந்த வேலைக்குள் என் மாணவி ஒருத்தி வந்தாள். புத்தூரில் உள்ள பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளியில் படித்து, தமிழ் இலக்கியம் எடுத்து வந்தவள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்லும் வரிகளில் அசை தவறினால் தலையை லேசாக ஆட்டுவாள். ஒருநாள் ஒப்பாரிப் பதிவு ஒன்றை வகுப்பில் ஓட்டினேன். முடிந்ததும் அருகே வந்து கேட்டாள்: "அம்மா, இத நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டீங்களா? பாட்டிக்கு மூச்சே இல்ல."

உண்மைதான். ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க, முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்ட வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது படித்துக்கொள்ளும். பிறகு மொத்தப் பதிவிலும் அதே போன்றதைத் தேடித் தணிக்கும். காற்றின் ஓசையும் கிழவியின் மூச்சும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே சாதி. காற்றைத் தணித்தால் மூச்சும் தணியும். ஒப்பாரியில் வரி எங்கே முடிகிறது என்று சொல்வதே அந்த இழுத்துவிடும் மூச்சுதான். எழுத்தில் இல்லாத யாப்பு அது.

அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் பாட்டுப் பதிவுகளைத் தொகுப்பவள். ரீப்பர் என்ற நிரலில் வேலை செய்கிறாள். திரையை அவளுக்குப் படித்துச் சொல்வது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கி, ஜேம்ஸ் டேவுடன் சேர்ந்து வளர்த்த இலவச நிரல். இருவருமே பார்வையற்றவர்கள். ரீப்பருக்குள் என்ன நடக்கிறது என்பதை என்விடிஏ பேச வேண்டுமானால் ஓசாரா என்றொரு துணைநிரல் வேண்டும். அதை உருவாக்கியவரும் அதே ஜேம்ஸ் டே. அவள் ஒரு காதில் பாட்டையும் மறு காதில் இயந்திரக் குரலையும் கேட்டபடி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். என்விடிஏ பேசும் வேகம் நமக்கு வெறும் கொறகொறப்பு. அவளுக்கு அது வாக்கியம்.

அவள் வாழ்க்கையில் மவுஸ் கிடையாது. நான் நேரத்தை மிச்சம்பிடிக்கத் தேடிய ஷார்ட்கட், அவளுக்கு ஷார்ட்கட்டே இல்லை. அது ஒன்றுதான் வழி. கண்ணுள்ளவர்கள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே வரப்பைப் பார்த்து 'குறுக்குவழி' என்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை என் லேப்டாப்பில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். சுத்தம் செய்வது ஆடாசிட்டியில், அடுக்கிக் கோப்பது ரீப்பரில் என்று பிரித்துக்கொண்டோம். ஆல்ட் டேப் அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். போவது நிரல்தான். விரல் பழைய வீட்டிலேயே இருக்கும். ஆடாசிட்டியில் ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். ரீப்பரில் அதே ஆர், ஓட்டியதையே திரும்பத் திரும்ப ஓட்டு என்ற ஏற்பாட்டை மாற்றும். ரீப்பரில் பதிவுக்கு கண்ட்ரோல் ஆர். ஆடாசிட்டியிலோ கண்ட்ரோல் ஆர் என்றால், கடைசியாகப் போட்ட எஃபெக்டை இன்னொரு முறை போடு என்று பொருள். ரீப்பரில் பிளக்க வெறும் எஸ் போதும். ஆடாசிட்டியில் கண்ட்ரோல் ஐ. ஆடிஷனில் நான் கற்ற கண்ட்ரோல் கே இருக்கிறதே, அது அங்கே பிளக்கும். ஆடாசிட்டியில் நீக்கும். நீக்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் இழுத்து ஒட்டியும் வைத்துவிடும். நடுவில் ஒன்று இருந்தது என்பதே தெரியாது.

இரவில் இதே விசைப்பலகையில் தமிழ்99 முறையில் கவிதை எழுதுகிறேன். 1999-ல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். அதில் கே விசைக்கு 'ம' வரும். அம்மா என்று எழுத வேண்டுமானால் அந்த விசைக்குத்தான் போக வேண்டும். இது இடைச்செருகல்தான், ஆனால் விரலுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

இடத்துக்கு இடம் ஒரே விசை வேறு வேலை செய்வதை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒருவர் இருந்தார். பெயர் லாரி டெஸ்லர். 1970-களில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து வெட்டு, நகலெடு, ஒட்டு என்பதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர். 2020-ல் மறைந்தார். பயன்படுத்துகிறவர் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவு வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கார் நம்பர் பலகையிலேயே 'நிலைகள் வேண்டாம்' என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார். நல்ல மனுஷன். ஆனால் நம் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாங்கள் இருப்பதே நிலைகளில்தான் என்று. அம்மா வீட்டில் "சரி" என்றால் சரி. மாமியார் வீட்டில் "சரி" என்றால் பேச்சை முடிக்கிறோம் என்று அர்த்தம். துறைக் கூட்டத்தில் "சரி" என்றால், பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒப்பவில்லை. வாசல் தாண்டும்போது விரலை மாற்றிக்கொள்ளப் பிறந்ததிலிருந்து பயிற்சி.

அந்தச் சனிக்கிழமை எங்கள் முன்னால் இருந்தது என் பெரியத்தையின் பதிவு. அப்பாவின் அக்கா. எழுபது தாண்டியவர். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று, வீட்டைத் தாண்டி, ரயில் பாதை தெரியும் ஒரு வேப்ப மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பாடினார். 41 நிமிடம். நடுவில் ரயில் வந்தது. வரி பாதியில் நின்றது. ரயில் போகும்வரை காத்திருந்து, நின்ற சொல்லிலிருந்தே எடுத்தார். ரயிலையும் பாட்டில் சேர்த்துக்கொண்டது போலத்தான் இருந்தது. அதை நாங்கள் வெட்டவில்லை.

இறந்துபோன தன் தாய்க்கென்று தொடங்கிய பாட்டு, அரைமணி நேரத்தில் வேறு எங்கோ வந்துவிட்டது. ஒப்பாரியில் இது நடக்கும். தமிழகத்தில் களப்பணி செய்த இஸபெல் கிளார்க்-தெசே 2005-ல் வந்த தம் ஆங்கில நூலில் இதைத்தான் விரித்துச் சொல்கிறார். செத்தவருக்காக அழுவதாகச் சொல்லும் பெண்கள் தங்களுக்காகவே அழுகிறார்கள். வேறு எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, யாரும் குறுக்கே பேச முடியாத அந்த ஒரு நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். பெரியத்தையும் சொன்னார். ஒரு பெயர் வந்தது. பெயரை ஒட்டி ஒரு சேதி. மொத்தம் 11 வினாடி. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை.

பாடி முடித்துத் தண்ணீர் குடித்ததும், "ஏ புள்ள, அந்தப் பேரு வருதுல்ல, அத எடுத்துரு" என்றார்.

"எடுத்துர்றேன் அத்தை."

இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "அத வெட்டிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை. இந்த வாரம் உட்காரணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வெட்டாத. இருக்கட்டும். ஆனா யாரு காதுலயும் விழக்கூடாது. அவுக இருக்காக, அவுக புள்ளைக இருக்கு. நான் போனப்புறம் என்னமோ பண்ணு."

இதை என் மாணவியிடம் சொன்னேன். அந்த இடத்தை அவளுக்குக் கேட்கக் கொடுக்கவில்லை. எத்தனையாவது நிமிடம், எத்தனை வினாடி என்பதை மட்டும் சொன்னேன். ஆடாசிட்டி திறந்திருந்தது. நான் அந்த 11 வினாடியை அடைத்துத் தேர்ந்தெடுத்தேன். பிளந்து தனியாக எடுக்கலாம் என்றேன். என் இடது கை கண்ட்ரோலில் இருந்தது.

"அம்மா, இருங்க. நீங்க ஆடிஷன் கை. எந்தக் கீய நெனச்சீங்க?"

"கே."

"இங்க அது டெலிட்."

பிறகு எல்லாவற்றையும் மெதுவாகப் பேசினோம். ஆடாசிட்டியில் நீக்கினால், ப்ராஜெக்டை மூடும்வரை கண்ட்ரோல் இசட் போட்டுத் திரும்ப வாங்கலாம். சேமித்து மூடிவிட்டால் அந்த ப்ராஜெக்டில் அது கிடையாது. கண்ட்ரோல் எல் போட்டால் அந்த 11 வினாடி மௌனமாகும். நீளம் குறையாது, ஆனால் குரல் போனது போனதுதான். ரீப்பர் வேறு மாதிரி. அது மூல ஒலிக்கோப்பைத் தொடுவதே இல்லை. எங்கே பிளந்தோம், எதன் வாயை மூடினோம் என்ற குறிப்பை மட்டும் தன் ப்ராஜெக்டில் எழுதி வைத்துக்கொள்ளும். எஸ், இன்னொரு எஸ், நடுத் துண்டுக்கு மியூட். கேட்பவருக்கு அங்கே 11 வினாடி மௌனம். அடியில் பெரியத்தை பாடிக்கொண்டேதான் இருப்பார்.

"கேக்காம இருக்குறது வேற, இல்லாம போறது வேற இல்லைங்களாம்மா" என்றாள். பாட்டி கேட்டது முதலாவதை.

மூலம் ஃபோனில் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஃபோனில் இருப்பது எத்தனை நாளைக்கு? இடம் போதவில்லை என்று யாராவது ஒரு பிள்ளை விளையாட்டு நிரல் இறக்கும்போது அழிக்கும்வரை. ஒலிநாடாக் காலத்தில் கூட இது இவ்வளவு மோசமில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. பிறகு காந்த நாடா வந்தபோது எந்த வானொலி நிலையத்திலும் வெட்டு என்றால் உண்மையான வெட்டு. பிளேடால் நாடாவைச் சாய்வாக அறுத்து, ஒட்டுநாடா போட்டு இணைப்பார்கள். வெட்டிய துண்டு காலடியில் கிடக்கும். மனம் மாறினால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்று பெரியத்தையின் கோப்பை ஆடாசிட்டியிலிருந்து முழுசாக மூடிவிட்டு, மூலப் பதிவை நேராக ரீப்பரில் போட்டோம். ஓசாராவில் எஃப்12 என்று ஒரு விசை உண்டு. அதை ஒருமுறை அழுத்திவிட்டு எந்த விசையை அழுத்தினாலும், அது என்ன செய்யும் என்று சொல்லும். செய்யாது. திரும்ப எஃப்12 அழுத்தினால் பழைய நிலை. புது இடத்துக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது அதுதான். இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். எனக்குக் கல்யாணமாகிப் போன வீட்டில் அப்படி ஒரு விசை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அடுத்த விசையைத் தட்டினாள்.

மௌனத்தின் நீளம்தான் கடைசிவரை பேச்சாக இருந்தது. 11 வினாடியும் அப்படியே விட்டால் கேட்பவர்கள் பதிவு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்றேன். ஒட்டிவிட்டால் பெரியத்தை எதையோ சொன்னார் என்பதே அழியும் என்றாள் அவள். ஃபோன் போட்டுப் பெரியத்தையிடமே கேட்டேன். எதையெல்லாமோ விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த எடத்துல நான் மூச்சு விடுறதாச்சும் கேக்குமா?"

இரு பக்கத்திலும் மூச்சு வரும் இடம்வரை பிளவை நகர்த்தினோம். இப்போது அங்கே ஒரு மூச்சு, 9 வினாடி மௌனம், இன்னொரு மூச்சு. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் ஓட்டினால், அந்த இடத்தில் மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யாரும் இதுவரை பதிவு கெட்டுப்போச்சா என்று கேட்டதில்லை. ஒருத்தி மட்டும் கேட்டாள், "யாரும்மா அது?" என்று. சொல்லவில்லை.

அந்த வாரமே அவள் இன்னொன்றும் செய்தாள். ஆடாசிட்டியின் விருப்பத்தேர்வுகளில் கீபோர்டு என்ற பகுதிக்குப் போய், கண்ட்ரோல் கே-யிடம் இருந்த நீக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டாள். டெலிட் விசை இருக்கிறது, வேண்டுமென்று அழிக்கிறவர்கள் அதற்குக் கை நீட்டிப் போகட்டும். கண்ட்ரோல் கே-க்குப் பிளக்கும் வேலையைக் கொடுத்தாள். ஆடிஷனிலிருந்து வந்த என் விரலுக்கு அங்கே இனி ஆபத்தில்லை. மாற்றிய ஷார்ட்கட் பட்டியலை ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ஊர்ப் பெயரையே கோப்புக்கு வைத்தாள்: வையம்பட்டி. வேறு கணினியில் அதை இம்போர்ட் செய்தால் அங்கும் விசைகள் இதே மாதிரி மாறிவிடும். கல்லூரிக் கணினி அறையில் போட அனுமதி கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் களப்பணிக்குப் போகும் மூன்று மாணவிகள் பென் டிரைவில் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருத்தி துறையூர்ப் பக்கம் தாலாட்டு சேகரிக்கிறாள். அவளுக்கு மட்டும் ஆர் விசையையும் மாற்றித் தர வேண்டுமாம். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள், அது எப்போதும் அந்த விசையைத்தான் அழுத்துகிறதாம்.